ஐந்து கோடும் ஏழு எழுத்தும்

பெங்களூரில் பாட்டு வகுப்பில் சேரும் குழந்தை முதலில் பாடுவது மாயாமாளவகௌளை. கீபோர்டு வகுப்பில் சேரும் குழந்தை முதலில் வாசிப்பது சி மேஜர். மல்லேஸ்வரத்திலும் ஜெயநகரிலும் சனிக்கிழமை ஒன்றுக்கும் ஞாயிற்றுக்கிழமை மற்றொன்றுக்கும் போய்வருகிற பிள்ளைகள் நிறைய. அவர்களில் யாராவது, பாட்டு வாத்தியார் சொல்லிக்கொடுத்த முதல் பாடத்தைக் கீபோர்டு மிஸ் கொடுத்த ஐந்துகோட்டு நோட்டில் எழுதிப் பார்த்தால் உடனே சிக்கல் தொடங்கும்.

சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொள்வோம். மாயாமாளவகௌளைக்கு டி-யும் ஏ-யும் ஃப்ளாட் ஆகவேண்டும். பி-யும் ஈ-யும் அப்படியே நிற்கவேண்டும். மேற்கத்திய முறையில் கோட்டின் தொடக்கத்தில் போடும் கீ சிக்னேச்சரில் ஃப்ளாட்டுகள் பி, ஈ, ஏ, டி என்ற வரிசையில்தான் வந்து சேரும். முதல் இரண்டையும் விட்டுவிட்டு அடுத்த இரண்டை மட்டும் போட வழக்கமில்லை. ஆக, நம்முடைய பாலபாடம் அவர்களுடைய வழக்கமான கீ சிக்னேச்சர் ஒன்றிலும் அடங்காது. ஒவ்வொரு ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் தனியாகக் குறி போட்டுக்கொண்டே போகவேண்டும். அவர்களுடைய பாலபாடமான சி மேஜரோ 72 மேளகர்த்தாக்களில் 29-ஆவதான தீரசங்கராபரணம். சரளி, ஜண்டை, அலங்காரம் எல்லாம் தாண்டித்தான் நம் பிள்ளைகள் அதற்கு வந்து சேர்வார்கள்.

மாயாமாளவகௌளையை முதல் பாடமாக்கியவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. தேர்வில் நியாயம் இருக்கிறது. ஸ–ரி, க–ம, ப–த, நி–ஸ என்று நான்கு இடங்களில் சுரங்கள் நெருங்கி நிற்கின்றன. கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே அச்சு. ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாதவை என்பதால், அவற்றை ஒட்டி நிற்கும் ரிஷபமும் தைவதமும் கொஞ்சம் பிசகினாலும் பாடுகிற காதுக்கே தெரிந்துவிடும். சி மேஜர் முதலில் வருவதற்கான காரணம் வேறு: வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் போதும். ஒன்று தொண்டைக்காக வகுத்த பாடம், மற்றது விரலுக்காக வகுத்தது. இரண்டு எழுத்துமுறைகளுக்கும் இடையிலுள்ள வேற்றுமையெல்லாம் ஏறக்குறைய இதிலேயே தொடங்கிவிடுகிறது. எது உயர்ந்தது என்று சபாக்களின் கேன்டீனில் நடக்கும் வாதம், இரண்டும் ஒரே வேலைக்காக உண்டானவை என்று எண்ணிக்கொண்டு நடக்கிறது.

பொதுவான அடிப்படை என்று ஒன்று உண்டு. ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு சுரஸ்தானங்கள். மேல் ஸட்ஜத்தின் அதிர்வெண் கீழ் ஸட்ஜத்தைப் போல இரண்டு மடங்கு. இதற்கு மேல் வழிகள் பிரிகின்றன. மேற்கே சி என்றால் குறிப்பிட்ட ஓர் ஒலி. நடு சி ஏறக்குறைய 261.6 ஹெர்ட்ஸ். நம்மிடம் ஸ என்பது பாடுகிறவர் எங்கே வைத்துக்கொள்கிறாரோ அங்கே. அதைச் சொல்லத்தான் ஆர்மோனியத்திலிருந்து வந்த கட்டைக் கணக்கு: ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை என்றால் ஜி, ஐந்தரை என்றால் அதையடுத்த கறுப்புக் கட்டை. ஒரு கட்டையில் பாடுகிற மாமாவும் ஐந்தரைக் கட்டையில் பாடுகிற மருமகளும் ஒரே நோட்டுப்புத்தகத்தைப் பார்த்துப் பாடலாம். ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். ஐந்துகோட்டில் அதே பாட்டை ஜி-க்கு மாற்ற, முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதவேண்டும். இங்கிலாந்தில் ஜான் கர்வன் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய டானிக் சோல்ஃபாவிலும் 'டோ' இப்படி நகரக்கூடியதுதான். பாதிரியார்கள் அதை மிஷன் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தபோது சரிகமவுக்குப் பழகிய காதுகளுக்கு அது புதிதாகப் பட்டிருக்காது.

சுருதியில் இன்னொரு நுட்பம் உண்டு. கீபோர்டில் பன்னிரண்டு இடைவெளிகளும் சமம்; ஒவ்வொரு சுரத்தின் அதிர்வெண்ணும் முந்தைய சுரத்தைப் போல சுமார் 1.0595 மடங்கு. அந்தக் கணக்கில் அந்தர காந்தாரம் ஸட்ஜத்தைப் போல 1.26 மடங்காக வரும். தம்புராவின் தந்தியில் தானாக எழுகிற காந்தாரமோ சரியாக 1.25. வேறுபாடு அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்குதான். ஆனால் தம்புராவோடு கீபோர்டை வைத்துப் பாடினால் காந்தாரம் உரசுவது கேட்கும். இந்த நகரத்துக்கு இதில் தனிப் பங்கு இருக்கிறது. எலெக்ட்ரானிக் தம்புரா 1970-களின் இறுதியில் பிறந்தது இங்கேதான். எச்.ஏ.எல்.-இல் பொறியாளராக இருந்த புல்லாங்குழல் கலைஞர் ஜி. ராஜ் நாராயண் உருவாக்கிய அந்தப் பெட்டி, ராடெல் என்ற பெயரில் உலகெங்கும் தமிழ் வீடுகளின் பூஜை அறைவரை போய்விட்டது.

இனி, படிப்பது எப்படி என்று பார்க்கலாம். கர்நாடக முறையில் எழுத்தே சுரம். ஸ, ரி, க, ம என்று குறிலாக எழுதினால் ஓர் அட்சரம். ஸா, ரீ, கா, மா என்று நெடிலாக எழுதினால் இரண்டு. அதற்கு மேலும் நீட்ட ஒரு காற்புள்ளி ஓர் அட்சரம், அரைப்புள்ளி இரண்டு. எழுத்துகளின் தலைமேல் ஒரு கோடு போட்டால் வேகம் இரட்டிப்பு, இரண்டு கோடு போட்டால் நான்கு மடங்கு. தலைக்கு மேல் புள்ளி வைத்தால் தார ஸ்தாயி, கீழே வைத்தால் மந்தரம். தமிழில் அச்சிடும்போது இங்கே ஒரு வேடிக்கை நேர்கிறது. தார ஸ்தாயி ஸட்ஜத்தின் மேல் வைக்கும் புள்ளி நமக்கு மெய்யெழுத்தின் புள்ளியும்தான். புதிதாகப் படிக்கிற பிள்ளை 'ஸ்' என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கன்னட எழுத்தில் இந்தக் குழப்பம் இல்லை. பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகள் பலர் சுரத்தைக் கன்னடத்திலும் சாகித்தியத்தைத் தமிழிலும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருப்பார்கள். இதைக் கலப்படம் என்று குறைசொல்ல எனக்குத் தோன்றவில்லை.

தாளத்தை நெடுங்கோடுகள் காட்டும். ஆதி தாளம் எட்டு: ஒரு தட்டும் மூன்று விரலுமாக நான்கு, பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை. முதல் சரளியை எழுதினால் ஸ ரி க ம, ஒற்றைக்கோடு, ப த, ஒற்றைக்கோடு, நி ஸ, இரட்டைக்கோடு. ஒற்றைக்கோடு அங்கம் முடிந்ததைச் சொல்லும், இரட்டைக்கோடு ஆவர்த்தனம் முடிந்ததை. ஐந்துகோட்டில் வரும் பார் கோடு இதற்கு இணை என்று பாடப்புத்தகங்கள் எழுதிவிடுகின்றன. முழுக்கச் சரியல்ல. பார் கோட்டுக்குப் பின் வருகிற முதல் நோட்டு வழக்கமாக அழுத்தம் பெறும். நம் தாளத்தில் சமத்துக்கு அப்படிக் கட்டாய அழுத்தம் கிடையாது. பாட்டு அரை இடம் தள்ளியோ ஒன்றரை இடம் தள்ளியோ எடுக்கும். கை ஒரு கணக்கைப் போட, குரல் வேறு வழியில் போய்த் திரும்பி வந்து சேரும். துருவம் முதல் ஏகம் வரை ஏழு தாளம், ஐந்து ஜாதியால் பெருக்கி 35, ஐந்து கதியால் பெருக்கி 175 என்ற வாய்ப்பாட்டைத் தேர்வுக்காக ஒப்பிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த ஒன்றரை இடத்தைக் கையில் உணர்ந்திருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

ஐந்துகோட்டு முறையில் கண்தான் முதலில் வேலை செய்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துத் துறவி கீதோ, தேவாலயச் சிறுவர்களுக்குக் கீர்த்தனை கற்றுக்கொடுக்கக் கோடுகளில் சுரம் எழுதும் முறையை ஒழுங்குபடுத்தினார். நோட்டு மேலே ஏறினால் ஒலியும் ஏறும், இறங்கினால் இறங்கும். ட்ரெபிள் கிளெஃப் போட்டால் ஐந்து கோடுகளும் கீழிருந்து ஈ, ஜி, பி, டி, எஃப். இடைவெளிகள் எஃப், ஏ, சி, ஈ. நடு சி-க்குக் கோடு கிடையாது. அடியில் ஒரு குட்டிக் கோடு போட்டுக்கொள்ளவேண்டும். உள்ளே வெறுமையான முட்டை வடிவம் நான்கு எண்ணிக்கை. அதற்கு ஒரு குச்சி வைத்தால் இரண்டு. கறுப்பாக நிரப்பினால் ஒன்று. குச்சியில் ஒரு கொடி கட்டினால் அரை. எத்தனை சத்தமாக வாசிக்கவேண்டும், எத்தனை வேகம், எங்கே மெதுவாகத் தணியவேண்டும் என்பதற்கும் குறிகள் உண்டு. நம் சுரத்தாளில் இவை எதுவும் இருக்காது. காலப்பிரமாணத்தைக்கூட ஆசிரியரிடம்தான் வாங்கிக்கொள்ளவேண்டும்.

இவ்வளவு விவரம் அங்கே தேவைப்பட்டதற்குக் காரணம், ஒரே நேரத்தில் பல குரல் ஒலிப்பது. நாற்பது பேர் நாற்பது வேறு வரிகளை வாசிக்கும்போது யார் எங்கே நிற்கிறார் என்பதைத் தாள் சொல்லியாகவேண்டும். இளையராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தம் சிம்ஃபொனியை அரங்கேற்றியபோது வாசித்தவர்கள் அவருடைய சீடர்கள் அல்லர். தாளைப் பார்த்து வாசிக்கிற ராயல் ஃபில்ஹார்மோனிக் கலைஞர்கள். கன்னடப் படங்களுக்கு ஏராளமாக இசையமைத்த ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த காலத்திலிருந்தே நோட்டு எழுதுவது அவர் தொழிலின் அன்றாடம். குருவின் முகம் பார்க்காத அந்நியர் நூறு பேரை ஓரிரு ஒத்திகையில் சேர்ந்து வாசிக்கவைப்பது என்றால் சரிகம எழுத்துக்கு அந்தத் தெம்பு கிடையாது. அது அதற்காகப் பிறக்கவும் இல்லை.

சரி, நம் எழுத்துமுறை எதற்காகப் பிறந்தது? புதுக்கோட்டைக்கருகே குடுமியான்மலையில் கிரந்த எழுத்தில் வெட்டிய 7-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாறையில் நான்கு நான்காகச் சுரங்கள், ஏழு பகுதிகளாக. ஒரே சுரத்தின் எழுத்து அ, இ, உ, எ என்று உயிர் மாறி மாறி வருகிறது. அந்த மாற்றம் எதைக் குறிக்கிறது என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். இந்தியாவில் கிடைத்துள்ள மிகப் பழைய சுரப் பதிவுகளில் ஒன்றைக் கல்லில் வெட்டி வைத்தும், வாசிக்கும் மரபு அறுந்ததால் அதைப் பாடிக்காட்ட ஆளில்லாமல் போயிற்று. காகிதம் அழிந்துபோகும் என்றுதான் எப்போதும் கவலைப்படுகிறோம்.

அச்சுக் காலத்தில் இன்னொரு பெரிய முயற்சி நடந்தது. 1890-களில் சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் கர்நாடகக் கீர்த்தனைகளை ஐந்துகோட்டில் எழுதி அச்சிடத் தொடங்கினார். தியாகராஜரின் சீட பரம்பரையினரிடமிருந்தும், முத்துசாமி தீட்சிதரின் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதரிடமிருந்தும் பாடல்களைக் கேட்டு எழுதினார். கிறித்தவரான ஒரு தமிழர் வைணவ, சைவக் கீர்த்தனைகளை ஐரோப்பியக் கோட்டில் பதிந்து உலகத்தின் முன் வைக்கத் துணிந்தார். பாடாந்தரம் பாடாந்தரமாகப் பாட்டு உருமாறிக்கொண்டே போகிறது, இன்று பிடித்து வைக்காவிட்டால் மூலம் தெரியாமல் போகும் என்ற பதற்றம் அவரை உந்தியது.

அவருடைய தூண்டுதலும் எட்டயபுரம் ஜமீனின் ஆதரவும் சேர்ந்ததில் 1904-இல் வெளிவந்தது சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. எழுத்து தெலுங்கு, அச்சானது எட்டயபுரத்தில். முதலியார் பிறர் கோட்டைக் கடன் வாங்கினார். தீட்சிதர் சரிகமவையே வைத்துக்கொண்டு அதன் ஓட்டையை அடைக்கப் பார்த்தார். கம்பிதத்துக்கு நெளிகோடு, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்கோடுகள், ஸ்புரிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, ஒரிகை என்று ஒவ்வொரு கமகத்துக்கும், அதாவது சுரத்தை அசைக்கும் ஒவ்வொரு விதத்துக்கும், தனிக் குறி. அந்த அச்சகத்துக் கோப்பாளர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கவேண்டும். இன்று பெரும்பாலான பாடப்புத்தகங்கள் தீட்சிதரிடமிருந்து பாடல்களை எடுத்துக்கொண்டு, குறிகளை மட்டும் உதிர்த்துவிட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் கர்நாடக இசையெழுத்துக்கு நேர்ந்த பெரிய இழப்பு இதுதான் என்பது என் எண்ணம்.

இதே சுப்பராம தீட்சிதர் வழியாக முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் பலவும் அச்சேறின. கும்பினியாரின் பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் பொருத்திய இவை ஏறக்குறைய நாற்பது. எல்லாம் சங்கராபரணச் சுரங்களில். இங்கிலாந்தின் அரச வாழ்த்துப் பாட்டின் மெட்டில் ஒன்று அம்பாளைப் பாடும். கமகமே இல்லாத இந்த மெட்டுகள் ஐந்துகோட்டிலும் சரிகமவிலும் ஒன்றுபோல அடங்கிவிடுகின்றன. பிள்ளைகளுக்கு இரண்டு முறைகளையும் அருகருகே வைத்துக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடையாது. இரண்டு வகுப்பு ஆசிரியர்களும் இதைப் பயன்படுத்தாதது வியப்புதான்.

கமகம் உள்ள ராகத்துக்கு வந்தால் கதையே வேறு. மேளம் எட்டான அனுமத்தோடியின் சுரங்களைக் கீபோர்டில் கேட்கவேண்டுமா? ஈ-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் மேல் ஈ வரை அழுத்துங்கள். மேற்கே அதற்கு ஃப்ரிஜியன் என்று பெயர். ஸ்பானிய கிட்டார் சாயல் வரும். தோடி மட்டும் வராது. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருப்பது. சாதாரண காந்தாரம் என்று தாளில் குறித்த இடத்தில் அது நிற்கும் நேரம் மிகக் குறைவு. 'க' என்று எழுதியிருப்பது பாடகருக்கு ஒரு நினைவூட்டல் மட்டுமே: இந்த இடத்தில் உனக்குத் தெரிந்த காந்தாரத்தைப் பாடு. தெரியாதவருக்கு அந்த எழுத்தால் பயனில்லை. அமெரிக்க இசையியலாளர் சார்லஸ் சீகர் 1958-இல் இதைத் தெளிவாகப் பிரித்தார்: எப்படி வாசிக்கவேண்டும் என்று சொல்லும் எழுத்து ஒன்று, எப்படி ஒலித்தது என்று பதியும் எழுத்து வேறு. நம் சுரத்தாள் முதல் வகை. அதை இரண்டாம் வகையாக நினைத்துப் படிக்கிறவர்கள், முக்கியமாக யூடியூப் பார்த்துக் கீபோர்டில் கீர்த்தனை வாசிக்கிறவர்கள், தோடியை மொட்டையாக்கி விடுகிறார்கள்.

வட இந்திய முறை பற்றி இரண்டு வரி போதும். பாத்கண்டே 1904-இல் தெற்கே வந்து சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். மேளப் பகுப்பைத் தெற்கிலிருந்து எடுத்துக்கொண்டு வடக்குக்கு ஒரு எழுத்துமுறை வகுத்தார். கோமள சுரத்துக்கு அடிக்கோடு, தீவிர மத்தியமத்துக்கு மேலே ஒரு சிறு கோடு. பெங்களூரில் இந்துஸ்தானி கற்கிறவர்கள் இன்றும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

ஒரே ஆள் இரண்டு எழுத்திலும் புலமை பெறுவது சாத்தியமா என்ற ஐயத்துக்கு மைசூர் அரண்மனை நல்ல விடை. ஜெயசாமராஜேந்திர உடையார் (1919–1974) பியானோ பயின்று லண்டன் கில்ட்ஹால் பள்ளியின் பட்டம் பெற்றவர். அங்கே ஃபில்ஹார்மோனியா கச்சேரிச் சங்கத்தின் முதல் தலைவராக 1948-இல் அமர்ந்தார். ருஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் படைப்புகளை ஒலிப்பதிவு செய்யப் பணம் கொடுத்தார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசி நான்கு பாடல்கள் 1950 மே 22 அன்று லண்டனில் அரங்கேறியதற்கும் அவருடைய பணம் பின்னால் இருந்தது. அவரே மைசூர் வாசுதேவாச்சாரியாரிடம் பயின்று, ஸ்ரீவித்யை சார்ந்து 94 கீர்த்தனைகளை இயற்றினார். அரண்மனையில் இங்கிலீஷ் பேண்டு, கர்நாடக பேண்டு என்று இரண்டு இருந்தன. அதே அரண்மனையில் ஆஸ்தான வித்வானாக இருந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் 'இங்கிலீஷ் நோட்டு' கட்டினார். அதை மதுரை மணி ஐயர் கச்சேரிக்குக் கச்சேரி பாடிச் சபைகளைக் கலகலக்க வைத்தார். கலப்புக்கு அஞ்சாத ஊர் மைசூர்; பெங்களூர் அதன் வாரிசு.

தாளவாத்தியத்தில் எழுத்து இன்னும் ஒருபடி பின்னால் நிற்கிறது, நல்ல காரணத்தோடு. மிருதங்கத்துக்கு வாய்தான் முதல் தாள். தகதிமி, தகிட, தகதகிட என்று சொல்லிச் சொல்லிப் பழகியபிறகே கை போகும். டி.ஏ.எஸ். மணி 1964-இல் பெங்களூரில் தொடங்கிய கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரி இந்தச் சொற்கட்டை ஐரோப்பிய ஜாஸ் கலைஞர்கள் வரை கொண்டுபோனது. கொன்னக்கோல் எனப்படும் இந்தச் சொல்முறையைக் காகிதத்தில் எழுதலாம். ஆனால் எழுத்தைப் பார்த்துக் கற்றவரின் நடை உடனே தெரிந்துவிடும். இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூருக்கு வந்த சர் சி.வி. ராமன், 1934-இல் இங்கிருந்து வெளியிட்ட ஆய்வில் மிருதங்கத் தோலின் நடுவிலுள்ள கறுப்புக் கரணை எப்படி அந்தத் தோலின் ஒழுங்கற்ற அதிர்வுகளைச் சுர ஒழுங்குக்குள் கொண்டுவருகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். கரணை வைத்த கைவினைஞர்கள் அந்தக் கணக்கை எழுதாமலே பல நூற்றாண்டு கேட்டுக் கேட்டுச் சரிசெய்து வந்திருக்கிறார்கள்.

இப்போது நகரத்தின் வகுப்பறைக்கு வருவோம். ஒரு பக்கம் கர்நாடக அரசின் ஜூனியர், சீனியர், வித்வத் தேர்வுகள். மறுபக்கம் லண்டன் ட்ரினிட்டியும் ஏபிஆர்எஸ்எம்-மும் நடத்தும் எட்டு கிரேடுகள். அருணா சுந்தர்லால் 1987-இல் தொடங்கிய பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக் இந்த இரண்டாவது வழிக்கு இங்கே நிலையான இடம் தந்தது. ஏபிஆர்எஸ்எம்-இல் ஐந்தாம் கிரேடு எழுத்துத் தேர்வோ அதற்கு ஈடானதோ தேறாமல் ஆறாம் கிரேடு வாத்தியத் தேர்வுக்குப் போக முடியாது. அதனால் பிள்ளைகள் கோட்டைப் படிக்கத்தான் வேண்டும். வித்வத் வழியில் பிள்ளைகள் கீர்த்தனையையும் வர்ணத்தையும் சுரப்படுத்தித் தாள அங்கத்தோடு எழுதவேண்டும்.

இரண்டு தேர்வுகளுக்கும் உள்ள வேற்றுமை தாளில் இல்லை, அறையில் இருக்கிறது. கிரேடு தேர்வு எழுதுகிற பிள்ளையிடம் இதுவரை பார்க்காத ஒரு சிறு பகுதியைக் கொடுத்து அப்போதே வாசிக்கச் சொல்வார்கள். பிறகு தேர்வாளர் பியானோவில் வாசிப்பதைக் கேட்டுப் பதில் சொல்லச் சொல்வார்கள். நம் எழுத்துத் தேர்விலோ, ஏற்கெனவே மனப்பாடமான பாட்டை ஏற்கெனவே மனப்பாடமான சுரத்தோடு எழுதிவைத்தால் மதிப்பெண் வந்துவிடும். எழுத்து காதோடு சேர்ந்ததா என்று சோதிக்க ஒரு வாய்ப்பும் இல்லை. காதால் கற்கும் மரபு எங்களுடையது என்று பெருமை பேசுகிறவர்கள் எழுத்துத் தேர்வில் காதை முழுதாக வெளியே நிறுத்திவிட்டார்கள். தாளுக்கு அடிமை என்று நாம் சொல்கிற மேற்கத்தியத் தேர்வு காதைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறது.

மாற்றுவது கடினமல்ல. சீனியர் தேர்வில், பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பத்து வினாடி சங்கதியை மூன்று முறை ஒலிக்கவிட்டு எழுதச் சொல்லலாம். முதலில் மோகனம் போன்ற எளிய ராகம், பிறகு பைரவியோ தோடியோ. தோடி என்றால் ஒரு பிள்ளை நீண்ட 'க' என்று ஒற்றை எழுத்தில் முடிக்கும். இன்னொன்று அசைவை விரித்து ரி க ம க ரி க என்று எழுதும். தீட்சிதரின் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் மூன்றாவது பிள்ளை 'க' எழுதி அதன் மேல் நெளிகோடு போடும். மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு, வேறுவேறு காரணத்துக்காக. ஒலித்ததைவிட்டு, பாடப்புத்தகத்தில் தோடிக்குப் பார்த்த ஆரோகணத்தை எழுதிவைக்கிற பிள்ளைக்கு மட்டும் பூஜ்யம்.